ஐந்து கால்களில் எது ஆக்ஸான்? கோழிக் கருவின் நரம்புச் செல்லை வளர்த்துப் பார்க்கும் முறை

போன மாசியில் ஒரு மாணவி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "மேம், இதுக்கு அஞ்சு கால் இருக்கு. இதுல எது ஆக்ஸான்?" நான் குனிந்து பார்த்தேன். ஐந்தும் ஏறக்குறைய ஒரே நீளம். "இன்னும் எதுவுமே இல்லம்மா. நாளைக்கு வந்து பாரு" என்றேன். மறுநாள் காலை எட்டரைக்கே வந்து நின்றாள். அதே செல். நான்கு கால்கள் அப்படியே நிற்க, ஒன்று மட்டும் மூன்று மடங்கு நீண்டு, பார்வைக் களத்தைத் தாண்டிப் போயிருந்தது.

நரம்புச் செல்லின் கால்களில், செய்தியை வெளியே அனுப்பும் நீண்ட ஒன்றுதான் ஆக்ஸான். இடைப்பட்ட அந்த ஓர் இரவில் செல்லுக்குள் நடந்ததைக் கண்ணால் பார்க்க முடியும். அதற்குப் பெரிய ஆராய்ச்சி நிலையம் வேண்டாம். நான் வேலை பார்ப்பது வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. எங்களிடம் எலிக்கூடம் கிடையாது. ஒரு கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், ஒரு லேமினார் ஹூட், ஒரு பழைய ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுகிறேன். பலமுறை கெட்டுப்போய்க் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பாடப்புத்தகங்களில் வரும் படம் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து எடுத்த செல். அது வளரும் விதத்தை 1988-இல் டோட்டி, சல்லிவன், பேங்கர் மூவரும் ஐந்து கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். முதலில் செல்லைச் சுற்றி மெல்லிய விளிம்பு. அரை நாளில் சிறு கால்கள். ஒன்று, ஒன்றரை நாளில் அவற்றில் ஒன்று முந்தி ஓடி ஆக்ஸான் ஆகிறது. மற்றவை, செய்தியை வாங்கும் கால்களான டென்ட்ரைட்டாக மாறத் தொடங்க நான்கு நாள் ஆகும். கோழிக் கருவின் முன்மூளைச் செல்களும் இதே வழியில்தான் போகின்றன. செலவோ மிகக் குறைவு.

முட்டை

கடை முட்டை ஆகாது, அதில் கரு இருக்காது. குஞ்சு பொரிப்பகத்தில் கருக்கூடிய முட்டை என்று கேட்டு வாங்குங்கள். நான் மாதவரம் பக்கம் ஒரு பொரிப்பகத்தில் பத்து முட்டை வாங்கி, காசிமேட்டில் மீனுக்கு வைக்கும் தெர்மகோல் பெட்டியில் உமி பரப்பி எடுத்து வருவேன். பெட்டியை முதலில் நன்றாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

நம் ஊரில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முட்டையை வாங்கி வந்து, "திங்கட்கிழமை இன்குபேட்டரில் வைத்துக்கொள்ளலாம்" என்று மேசையில் விட்டுவிடுவார்கள். சுமார் 20 டிகிரிக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். சித்திரையில் எங்கள் லேப் அறை 34 டிகிரி. இரண்டு நாள் அப்படிக் கிடந்த முட்டையில் கரு முளைத்துச் செத்துப்போயிருக்கும். அதனால் வந்த அன்றே முட்டை இன்குபேட்டரில் 37.5 டிகிரியில் வையுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும். காலை மாலை புரட்டி விடுங்கள். ஐந்தாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தால் சிலந்தி வலை போல ரத்தக் குழாய் தெரியும். தெரியாததை எடுத்துவிடுங்கள்.

எட்டாம் நாள் கருவைத் திறக்கிறோம். அதற்கு முன் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஒரு கருவே ஒரு வகுப்புக்குத் தேவையான செல்களைக் கொடுத்துவிடும், இரண்டாவது முட்டையைத் திறக்காதீர்கள். தலையைத் துண்டிப்பதை நான்தான் செய்வேன், பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் அறையில் பேச்சுக்கும் இடமில்லை.

கண்ணாடி

செல் ஒட்டும் கவர்ஸ்லிப்புக்கு நான் கொடுக்கும் கவனத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் நரம்புச் செல் அழுக்குக் கண்ணாடியில் கால் வைக்காது. ஓர் இரவு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, இருமுறை காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்துத் தடவை அலசி, உலர வைத்து, சூட்டடுப்பில் கிருமி நீக்குங்கள். போர்வெல் தண்ணீரில் ஒரு தடவை அலசினால்கூட, உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளாக உப்பு படியும். எங்கள் பகுதித் தண்ணீருக்கு அந்தக் குணம் உண்டு.

பிறகு, செல்லைக் கண்ணாடியில் ஒட்டவைக்கும் பாலி-லைசின். மில்லிக்கு 0.1 மில்லிகிராம், பி.எச். 8.5 உள்ள போரேட் பஃபரில் கலந்து ஓர் இரவு. மறுநாள் மூன்று முறை நன்றாக அலசுங்கள். கண்ணாடியில் ஒட்டாமல் மிதக்கும் பாலி-லைசின் செல்லைக் கொல்லும்.

செல்லைப் பிரித்தல்

முன்மூளையின் இரண்டு மடல்களும் கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். மேலே சிவப்பு நரம்போடிய மெல்லிய தோலை நுண்ணிய இடுக்கியால் உரித்துவிடுங்கள். விட்டால் வேறு வகைச் செல்கள் கலந்து பெருகிவிடும். செல்களைப் பிரிக்கும் நொதியான டிரிப்சினில் 37 டிகிரியில் பத்து நிமிடம். சீரம் சேர்த்த ஊடகத்தை ஊற்றி அதை நிறுத்துங்கள். நுனியைத் தீயில் காட்டி மழுக்கிய பாஸ்டர் பிப்பெட்டால் பத்து முறை, நுரை வராமல், ஏற்றி இறக்குங்கள். நுரை வந்தால் செல் கிழியும்.

சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 செல் போதும். நெருக்கிப் போட்டால் யாருடைய கால் யாருடையது என்றே தெரியாது. வளர்ப்புத் தட்டின் அடியில் வைரமுனைப் பேனாவால் கட்டம் கீறி எண் போட்டுவிடுங்கள். மாசியில் அந்த மாணவி அதே செல்லை மறுநாள் கண்டுபிடித்தது அந்தக் கட்டத்தால்தான்.

நவம்பர், டிசம்பரில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டாம் நாள் தட்டுகள் உள்ளே இருந்தன. மின்சாரம் போய், ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர். திரும்பி வந்து திறந்தபோது ஊடகம் ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. வாயு போய்க் காரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு செல்லும் மிஞ்சவில்லை.

நிலைநிறுத்துதல்: சூடாக, கட்டாயம் சூடாக

நிலைநிறுத்துதல் என்றால் செல்லை அந்த நொடியில் இருந்தபடியே ரசாயனத்தால் இறுக்கி வைப்பது. இந்தக் குறிப்பு முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

செல் சட்டகம் என்ற சொல்லைக் கேட்டதும் எலும்புக்கூடு மாதிரி ஒரு நிலையான பொருள் மனதில் வருகிறது. அப்படி நினைத்துக்கொண்டு இதைச் செய்தால் கெட்டுவிடும். செல்லுக்கு உருவம் கொடுக்கும் இந்தச் சட்டகத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு: நுண்குழல், ஆக்டின் என்ற புரதத்தின் இழை. நுண்குழல் என்பது டியூபுலின் என்ற புரத மணிகள் கோத்த குழல். ஒரு மணி 8 நானோமீட்டர் நீளம். பதின்மூன்று சரங்கள் பக்கவாட்டில் சேர்ந்து 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழலாகின்றன. ஜி.டி.பி. (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறை ஏந்திய மணிகள் நுனியில் சேரச் சேரக் குழல் நீளும். அந்த மணிகளின் தொப்பி நுனியில் தீர்ந்துபோனால் சட்டென்று பிரிந்து உதிரும். மறுபடி தொப்பி கிடைத்தால் மறுபடி வளரும். மிட்சிசனும் கிர்ஷ்னரும் 1984-இல் காட்டியது இதைத்தான். உயிருள்ள செல்லில் இது நொடிக்கு நொடி நடந்துகொண்டே இருக்கிறது. குளிர் பட்டால் உதிரும் பக்கம் ஓங்கும்.

எனக்கு இது புத்தகத்தில் தெரியும், கையில் தெரியவில்லை. முதல் வருடம் ஃபார்மால்டிஹைடு கரைசலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே செல்மேல் ஊற்றினேன். நுண்குழலுக்குப் பச்சைச் சாயம் போட்டுப் பார்த்தால் கால்களின் நடுத்தண்டில் மட்டும் பச்சை இருந்தது. நுனிகள் காலி. காலின் வளரும் முனையான வளர்நுனிக்குள் நுண்குழல் நுழைவதே இல்லை என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தட்டு மட்டும் தற்செயலாக அறைச் சூட்டில் கிடந்த கரைசலில் போனது. அதில் நுனி வரை பச்சை நூல்கள் விரிந்திருந்தன. அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மூன்று வாரக் குறிப்பேட்டையும் அடித்துத் திருத்தினேன்.

ஆகவே, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 4 சதவீத சர்க்கரை, நுண்குழலைக் காக்கும் ஃபெம் பஃபர். எல்லாவற்றையும் 37 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டு இன்குபேட்டரிலிருந்து வெளியே வந்த அரை நிமிடத்துக்குள் ஊற்றுங்கள். இருபது நிமிடம். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் செய்யுங்கள், அந்த ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

நான் தவறாகச் செய்ததையே இப்போது ஒரு சோதனையாக வைத்திருக்கிறேன். ஒரு கவர்ஸ்லிப்பை வேண்டுமென்றே அரை மணி நேரம் ஐஸ்மேல் வைத்து, பிறகு நிலைநிறுத்துங்கள். நுனிகள் காலியாகும், நடுத்தண்டில் ஒரு பகுதி நிற்கும். குளிரையும் தாங்கும் நுண்குழல்கள் நரம்புச் செல்லில் உண்டு, மேப்-6 போன்ற புரதங்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. எங்கே சட்டகம் உறுதிப்பட்டுவிட்டது, எங்கே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது என்று ஐஸே பிரித்துக் காட்டிவிடுகிறது.

சாயமும் பார்வையும்

டியூபுலினுக்கு ஆன்டிபாடி, பச்சை. ஆக்டினுக்கு ஃபல்லாய்டின், சிவப்பு. இது ஒரு கொடிய நஞ்சுக் காளானிலிருந்து வந்த பொருள், இழையாகக் கோத்த ஆக்டினை மட்டும் பிடிக்கும். கையுறை போடாமல் தொடாதீர்கள். உட்கருவுக்கு நீலம்.

முதல் நாள் கவர்ஸ்லிப்பில் கால்களின் நுனிகளைப் பாருங்கள். ஒவ்வொரு நுனியும் விரித்த கோழிக்கால் மாதிரி சிவப்பாக இருக்கும். அதுதான் வளர்நுனி. உள்ளே ஆக்டின் இழைகள் விளிம்பில் கட்டப்பட்டு, பின்னோக்கி இழுக்கப்பட்டு, மறுபடி கட்டப்படுகின்றன. பச்சை நூல்கள் அந்தச் சிவப்புக்குப் பின்னாலேயே நின்றுவிடும், ஒன்றிரண்டு மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும். ஐந்து கால்களும் நீள்வதும் சுருங்குவதுமாக இருக்கின்றன, எதற்கும் மேல்கை இல்லை.

மூன்றாம் நாளில் முந்திய காலைப் பாருங்கள். அடியிலிருந்து நுனி வரை பச்சை நிறைந்திருக்கும். அதன் வளர்நுனி பெரிது. ஒரு காலின் ஆக்டின் வலை தளர்ந்து, நுண்குழல்கள் உள்ளே புகுந்து உறுதிப்பட்டால் அந்தக் கால் ஆக்ஸான் ஆகிறது. என் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். ஆக்ஸானாகப் பிறந்த கால் என்று ஒன்று கிடையாது.

எலிச் செல்லில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. பிராட்கேயும் டோட்டியும் 1999-இல் ஆக்டினைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தார்கள், ஒரே செல் பல ஆக்ஸான்களை விட்டது. பிராட்கேயின் குழு 2008-இல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நுண்குழலை உறுதிப்படுத்தும் டாக்சாலைச் சில நானோமோலார் அளவில் கொடுத்தபோதும் பல ஆக்ஸான்கள். இன்னொன்று, 1980-களின் கடைசியில் செய்தது. வளர்ந்த ஆக்ஸானை வெட்டி, மற்ற கால்களின் நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பந்தயம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், வேறொரு கால்கூட ஆக்ஸான் ஆகலாம். வெட்டியபின்னும் மற்றவற்றைவிடச் சுமார் 10 மைக்ரான் நீளமாக இருந்தால் பழைய காலே ஜெயிக்கும்.

நுண்குழலைக் கலைத்துப் பார்க்க நாங்கள் நோகோடசோல் பயன்படுத்துகிறோம், கழுவினால் விளைவு நீங்கிவிடும். கால்ச்சிசினும் அதே வேலையைச் செய்யும். டியூபுலின் என்ற புரதத்தையே 1960-களில் கண்டுபிடித்தது, கால்ச்சிசின் செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்று தேடிப் போய்த்தான். அந்தக் கால்ச்சிசின் நம் செங்காந்தளில் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். நம் மாநில மலருக்குள் நரம்புச் செல்லின் சட்டகத்தைக் கலைக்கும் பொருள் இருக்கிறது என்று சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். யாரும் அந்தச் செடியைக் கொண்டுவந்து சாறெடுக்க முயல வேண்டாம். கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும்.

டாக்சால் எனக்கு வெறும் லேப் மருந்தில்லை. என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அதைத்தான் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். ஆனால் மூன்றாவது தடவைக்குப் பிறகு பூக் கட்ட முடியவில்லை. முல்லை அரும்பின் காம்பை விரல் உணரவில்லை, நார் நழுவியது. பாதத்தில் மணல் ஒட்டியிருப்பது போல இருக்கிறது என்றாள். பாதமும் விரல்நுனியும் முதலில் மரத்துப்போவது எதனால் என்று அப்போது நான் யோசித்தேன். இடுப்புக்குப் பின்னாலிருந்து கால்விரல் வரை போகும் ஆக்ஸான் ஒரு மீட்டர் அளவு நீளம். சரக்கைச் சுமக்கும் கைனெசின் புரதம் 8 நானோமீட்டர் அடி வைத்து நடக்கிறது. நொடிக்கு ஒரு மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நிற்காமல் நடந்தாலும் பதினொரு நாளுக்கு மேல் ஆகும். தண்டவாளம் கெட்டால் அதிகம் தவிப்பது கடைசி ஸ்டேஷன். அந்த மரத்துப்போதலுக்கு வேறு காரணங்களும் சேரும். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு மறப்பதே இல்லை.

இரண்டு விளக்குமாறு

நுண்குழலுக்கு அடியும் நுனியும் உண்டு என்பதை மைக்ராஸ்கோப்பில் காட்ட எங்களிடம் வழியில்லை. அதற்கு நான் இரண்டு தென்னை விளக்குமாறு வைத்திருக்கிறேன். ஒன்று கடையில் வாங்கியது, எல்லா ஈர்க்குச்சியின் நுனியும் ஒரே பக்கம். இன்னொன்றை நான் அவிழ்த்து, பாதிக் குச்சிகளைத் தலைகீழாக்கிக் கட்டினேன்.

ஒரு மாணவியின் கண்ணைக் கட்டி, முதல் விளக்குமாற்றில் ஏதாவது ஒரு குச்சியைப் பிடித்துத் தடிமனிலிருந்து மெலிவு நோக்கி விரலை ஓட்டச் சொல்வேன். எந்தக் குச்சியைப் பிடித்தாலும் கை ஒரே பக்கம் போகும். அது ஆக்ஸான். எல்லா நுண்குழலும் நுனியை வெளியே நீட்டியிருக்கின்றன. நுனி நோக்கி நடக்கும் கைனெசின் வெளியே போகும், அடி நோக்கி நடக்கும் டைனீன் வீடு திரும்பும். இரண்டாவது விளக்குமாற்றில் கை பாதித் தடவை இந்தப் பக்கம், பாதித் தடவை அந்தப் பக்கம். அது டென்ட்ரைட். அங்கே நுண்குழல்கள் கலந்து கிடக்கின்றன என்று 1988-இல் பாஸும் கூட்டாளிகளும் எலிச் செல்லில் காட்டினார்கள். அதனால் டைனீன் ஏறிய சரக்கு செல் உடலிலிருந்து டென்ட்ரைட்டுக்குள் வெளிநோக்கிப் போக முடிகிறது. ஆக்ஸானுக்குள் அப்படிப் போக வழியில்லை. எந்தச் சரக்கு எந்தக் காலுக்கு என்பதைக் குச்சி கட்டிய விதமே பாதி தீர்மானித்துவிடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லுங்கள். எந்த நுண்குழலும் ஆக்ஸானின் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை. துண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒரு குச்சி போனாலும் கட்டு நிற்கும்.

பிறகு காப்பது எது

ஆக்ஸான் ஆனபின்னும் அது ஆக்ஸானாகவே இருக்க வேண்டும். ஆக்ஸான் செல் உடலிலிருந்து தொடங்கும் இடத்தில் 20 முதல் 60 மைக்ரான் நீளத்துக்கு ஒரு காவல் பகுதி உருவாகிறது. ஆங்கிரின்-ஜி என்ற புரதம் அங்கே ஆக்டினையும் ஸ்பெக்ட்ரின் என்ற இன்னொரு சட்டகப் புரதத்தையும் சவ்வையும் சேர்த்துப் பிடித்து, டென்ட்ரைட்டுக்குரிய சரக்கு உள்ளே போகாமல் நிறுத்துகிறது. வளர்ந்த செல்லில் ஆங்கிரின்-ஜி-யை எடுத்துவிட்டால் ஆக்ஸானில் டென்ட்ரைட்டின் குணங்கள் வரத் தொடங்கும். இதைப் பார்க்க எங்கள் மூன்று நாள் செல் போதாது, ஒரு வாரத்துக்கு மேல் வளர்க்க வேண்டும். ஆக்ஸானின் உள்தோலில் சுமார் 190 நானோமீட்டர் இடைவெளியில் ஆக்டின் வளையங்கள் இருப்பதை 2013-இல்தான் கண்டார்கள். அது நம் மைக்ராஸ்கோப்பின் கண்ணுக்கு எட்டாது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எண்ணுதல்

நூறு செல் எண்ணுங்கள். போட்டோ எடுக்கும் முன் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் ஒரு கால் இன்னொரு செல்லுடையது என்று தெரியவரும். எல்லாக் கால்களின் நீளத்தையும் எழுதி, மிக நீண்டது இரண்டாவதைவிட எவ்வளவு அதிகம் என்று தனியே குறியுங்கள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று மூன்று பத்திகள். ஒன்றுமே முந்தாத செல், ஒன்று முந்திய செல், இரண்டு முந்திய செல். இரண்டு முந்தியதை "தவறு" என்று அடித்துவிடாதீர்கள். அதன் வளர்நுனிகளின் சிவப்பை மற்றவற்றோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

ஃபல்லாய்டின் சில வாரங்களில் மங்கும். கவர்ஸ்லிப்பின் ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்து, இருட்டில், ஃப்ரிட்ஜில் வைத்து, அந்த வாரத்துக்குள் படமெடுத்துவிடுங்கள். எங்கள் லேபில் ஒவ்வொரு வருடமும் ஒரு படத்தை அச்செடுத்துச் சித்தியிடம் கொடுப்பேன். போன முறை அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரத்த விரலால் ஒவ்வொரு காலையும் தடவி எண்ணிவிட்டு, நீண்டதில் விரலை வைத்து, "இது எங்கடி போய் முடியுது?" என்று கேட்டாள். அச்சின் ஓரத்தில் அது வெட்டுப்பட்டிருந்தது. இந்த வருடம் இரண்டு படங்களை ஒட்டி அச்செடுக்கச் சொல்லியிருக்கிறேன்.